இருபத்துநாலு

ஒன்பது கழகங்களுக்கு விளையாடினேன்.
ஒன்றிலும் எனக்கென்று ஒரு இலக்கம் இருந்ததில்லை.
வராதவனின் பெனியன்தான் என் பெனியன்.
மல்லாவியில் மூன்று, ஒட்டுசுட்டானில் பதினாலு,
விசுவமடுவில் இலக்கம் உரிந்துபோய்
பசை மட்டும் மிஞ்சிய ஒரு முதுகு.
இடதுகாலன் என்றபடியால் கூப்பிடுவார்கள்.
வன்னியில் அப்போது இடதுகாலுக்குத் தட்டுப்பாடு.
எழுதினபிறகுதான் யோசிக்கிறேன்,
இதைப் பகிடியாக எடுக்காதேயுங்கோ.

ஒரு ஆட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு,
மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல்,
வென்றால் கொத்துரொட்டி, தோற்றால் பிளேன்ரீ.
சமனென்றால் ஒருவரும் என்னைப் பாராமல்
சாமான்களை ஏற்றுவார்கள்.
போன கிழமை கட்டிப்பிடித்தவன்
இந்தக் கிழமை என் கணுக்காலைத் தேடி வருவான்.
நானும் அவனுடையதைத் தேடிப் போவேன்.

முகாமில் இருந்த காலத்தையும் சேர்த்தால் பத்துக் கழகம்.
கம்பிவேலிக்கு அப்பால் பந்து போனால்
அங்கே அன்றைய ஆட்டம் முடிந்தது.
ஸ்கோர் கேட்டால் சொல்லமாட்டேன்,
எங்களுக்கு ஒரு பந்துதான் இருந்தது.

ஓய்வென்று நான் ஒருநாளும் அறிவிக்கவில்லை.
ஒரு மழைக்கு முழங்கால் வீங்கியது.
அடுத்த சனிக்கிழமை போன் அடிக்கவில்லை.
அதற்கடுத்த சனியும்.
பழுதோ என்று
மனிசியின் போனிலிருந்து நானே எடுத்துப் பார்த்தேன்.
அடித்தது.

இப்போது பால் எடுக்கிறேன்.
விடிய ஐந்தரைக்கு மாங்குளத்தில் வெளிக்கிட்டால்
வன்னிவிளாங்குளம், பாலிநகர், யோகபுரம், துணுக்காய்.
பின்னுக்கு இரண்டு பால்க்கான்.
ஒவ்வொரு மைதானத்தையும் கடக்கிறேன்.
ஒன்றில் கோல் கம்பத்தில் ஒரு சிவலைப் பசு கட்டியிருக்கும்;
அதன் பாலையும் நான்தான் அளக்கிறேன்.

நேற்றுப் பாலிநகரில், கமலலோஜினி அக்கா வீட்டில்,
பால்மானியை விட்டேன். இருபத்துநாலு.
இருபத்தெட்டில்லாவிட்டால் குளிரூட்டும் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள்.
"அக்கா, தண்ணி" என்றேன்.
அவ கையைச் சட்டையில் துடைத்தா.
அவவின் தம்பி பிரதீபன் இப்போது கட்டாரில்.
அந்த இறுதி ஆட்டத்தில் அவர்களுடைய பின்காவல் அவன்.
"அண்டைக்கு நீ பெட்டிக்குள்ள விழுந்தியே,
அது தண்ணி கலக்காத விழுகையோ?"

பதினொரு வருசம்.
மத்தியஸ்தர் மறந்திருப்பார்.
கிண்ணம் எவரோ ஒருவரின் அலுமாரிக்கு மேல் கறுத்திருக்கும்.
நான் அந்தப் பருவமே வேறு கழகத்துக்குப் போய்விட்டேன்.
பிரதீபனின் கால் என்னில் படவில்லை.
படவே இல்லை.
ஒன்பது கழகத்திலும் ஒருவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை.
புல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்த கிரவலில்
முழங்கை உரிந்தது மட்டும் உண்மை.
அந்த இரத்தத்தைக் காட்டித்தான் பெனால்ரி வாங்கினேன்.
அடித்ததும் நானில்லை, வேறொருவன்.

"இல்லையக்கா" என்றேன்.
எதற்கு இல்லையென்று அவ கேட்கவில்லை.

மூன்று லீற்றர். எடுக்கவில்லை.
கொப்பியில் இருபத்துநாலு என்று எழுதினேன்,
நீட்டினேன், பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தா.
அந்தப் பாலிலேயே தேத்தண்ணி போட்டுத் தந்தா.
தண்ணியாகத்தான் இருந்தது.
சீனி கூட.

நான் எழும்ப, காலைப் பார்த்துக் கேட்டா:
"எந்தக் கால்?"
"வலது."
"அண்டைக்கு விழுந்ததோ?"
"இல்லை, இது பிறகு. சும்மா நடக்கேக்க."
அவவுக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை.

மோட்டார்சைக்கிளை உதைக்க வலதுகால் வேணும்.
இரண்டு முறை உதைத்தேன், இருமியது.
அவவின் பெடியன், பதின்மூன்று இருக்கும்,
வாயில் பாணோடு ஓடிவந்து
பின்னால் பிடித்துப் படலைவரை தள்ளினான்.
பால்க்கான்கள் இரண்டும் முட்டிக்கொண்டன.
இஞ்சின் பிடித்தது.
கண்ணாடியில் பார்த்தேன்,
வழியில் கிடந்த குரும்பையை வேலிக்கு மேலால் அடிக்கிறான்.

வலதுகாலன்.
நல்ல அடி.
கூப்பிட ஆளிருக்கும், பரவாயில்லை.